நாலு சவ்வு தாண்ட வேண்டும்

போன இதழில் உடல் சோர்வு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "மைட்டோகாண்ட்ரியாக்கள் தனித்தனி மணிகள் அல்ல, ஒன்றோடு ஒன்று கலப்பதும் பிரிவதுமாகவே இருக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் இருந்து ஆற்றல் தயாரிக்கும் குட்டி உறுப்பு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். சந்தோஷம். முப்பது வருஷம் இருட்டறையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இதைத்தான். சர்க்கரை, தூக்கம், முடி உதிர்தல் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பாடப்புத்தகத்தில் மைட்டோகாண்ட்ரியா அவரை விதை மாதிரி தனியாக மிதக்கிறது. நீங்கள் கலக்கும் என்கிறீர்கள். பரீட்சையில் எதை எழுதுவது?
(பள்ளி மாணவி)

பதில்: பரீட்சையில் அவரை விதையையே வரைந்துவிட்டு வா, கண்ணு. மதிப்பெண்ணை விட்டுவிடாதே. வீட்டுக்கு வந்து இதைப் படி.

அந்தப் படம் பொய் இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, செல்லைச் சாகடித்து, பிசினில் இறுக்கி, 70 நானோமீட்டர் கனத்துக்குச் சீவுவார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் குறுக்களவோ சுமார் 500 நானோமீட்டர். ஒரு கயிற்றுச் சுருளைக் கத்தியால் குறுக்கே சீவிப் பார். வெட்டுமுகத்தில் வட்டமும் முட்டையும்தான் தெரியும். அதைப் பார்த்துக் கயிறு என்றால் முட்டை முட்டையாக இருக்கும் என்று ஒருவர் எழுதிவைத்தால் எப்படி? புத்தகத்தில் நடந்தது அதுதான்.

உயிருள்ள செல்லில் பார்த்தால் நூல். நீளமாக, கிளை விட்டு, வலை மாதிரி. 1898-ல் கார்ல் பெண்டா இதற்குப் பெயர் வைத்தபோதே கிரேக்கத்தில் 'நூல்' என்ற சொல்லையும் 'மணி' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் வைத்தார். 1915-ல் மார்கரெட் லூயிஸும் வாரன் லூயிஸும் கோழிக் கருவின் செல்களை வளர்த்து, இவை நெளிவதையும் நீள்வதையும் ஒட்டுவதையும் துண்டாவதையும் கண்ணால் பார்த்து எழுதிவிட்டார்கள். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் வந்தன. அவ்வளவு தெளிவான படத்தைப் பார்த்த பிறகு, அசையும் நூலைப் பற்றிய பேச்சைக் கேட்க ஆளில்லை. துல்லியமான படம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

கேள்வி: இரண்டு எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் பக்கத்தில் வந்தால் தானாகவே ஒன்றாகிவிடுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வும் கொழுப்புதானே? அதற்கு எதற்குத் தனியாகப் புரதம்?
(வேதியியல் பட்டதாரி)

பதில்: நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். எண்ணெய்த் துளிக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. இரண்டு துளி சேர்ந்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறையும், அதனால் சேருகிறது. சவ்வு அப்படியில்லை. அதில் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு, தண்ணீரோடு உறவாடும் தலைகளை வெளியே நீட்டியிருக்கின்றன. ஒவ்வொரு தலையும் தன்மேல் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. இரண்டு சவ்வுகள் ஒன்றையொன்று நெருங்கும்போது, கடைசி ஒன்றிரண்டு நானோமீட்டரில் அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றியாக வேண்டும். அங்கேதான் இடக்கு. பக்கத்தில் கொண்டுவருவது சுலபம். ஒட்டவைப்பதற்குத் தள்ள ஆள் வேண்டும்.

உடம்பில் மற்ற இடங்களிலும் இதே சிக்கல் உண்டு. நரம்பு முனையில் ரசாயனப் பொட்டலங்கள் சவ்வோடு கலக்க வேண்டியிருக்கிறது. அங்கே 'ஸ்நேர்' என்ற புரதங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இரண்டு சவ்வையும் இறுக்குகின்றன. ரோத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013-ல் நோபல் பரிசு வந்தது இந்தப் பொட்டலப் போக்குவரத்துக்காகத்தான். மைட்டோகாண்ட்ரியா அந்த ஸ்நேர் புரதங்களைக் கடன் வாங்கவில்லை. தனக்கென்று வேறு ஏற்பாடு வைத்திருக்கிறது.

இன்னொன்று. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளிச்சவ்வு ஒன்று, உட்சவ்வு ஒன்று. இரண்டு மைட்டோகாண்ட்ரியா சேர வேண்டுமென்றால் மொத்தம் நாலு சவ்வு. வெளி வெளியோடு, உள் உள்ளோடு, மாறாமல் சேர வேண்டும். நடுவில் ஒழுகவும் கூடாது. இரண்டு சவ்வுக்கும் இடையிலுள்ள சந்தில் சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருக்கிறது. அங்கே இருக்கும்வரை மூச்சுக்கு உதவும் நல்ல பிள்ளை. செல்லின் பொதுவெளிக்குத் தப்பிவிட்டால், செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதற்கான சமிக்ஞையே அதுதான். ஒட்டு போடுகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாகப் போட வேண்டும் என்று பாருங்கள்.

கேள்வி: அந்தப் புரதங்கள் எவை, எப்படி வேலை செய்கின்றன? கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், பயப்பட மாட்டேன்.
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

பதில்: பயப்படாதவருக்கு விரிவாகவே சொல்கிறேன்.

கதை ஒரு பழ ஈயின் விந்தணுவில் ஆரம்பிக்கிறது. ஆண் பழ ஈயில் விந்தணு உருவாகும்போது, ஒரு கட்டத்தில் அந்தச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா அத்தனையும் உட்கருவுக்குப் பக்கத்தில் கூடி, கலந்து கலந்து, கடைசியில் இரண்டே இரண்டு பிரம்மாண்டமான மைட்டோகாண்ட்ரியா ஆகின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டு உருண்டையாக உட்காரும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெங்காயத்தை வெட்டிய மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வகைப் பிறழ்வு ஈயில் இந்த வெங்காயம் சரியாக உருவாகவில்லை. விளிம்பெல்லாம் கலைந்து, மசமசவென்று இருந்தது. அந்த ஆண் ஈக்களுக்குச் சந்ததியும் இல்லை. பழ ஈக்காரர்கள் பெயர் வைப்பதில் கில்லாடிகள். அந்த மரபணுவுக்கு 'ஃபஸி ஆனியன்ஸ்', மசமச வெங்காயம் என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் கரேன் ஹேல்ஸும் மார்கரெட் ஃபுல்லரும் இதை வெளியிட்டபோது, மைட்டோகாண்ட்ரியாவை இணைக்கும் புரதம் என்று உலகம் பார்த்த முதல் புரதமே அதுதான்.

மனிதருக்கு அந்தக் குடும்பத்தில் இரண்டு பேர்: மைட்டோஃபியூசின் 1, மைட்டோஃபியூசின் 2. முதலாவதில் 741 அமினோ அமிலங்கள், இரண்டாவதில் 757. அக்கா தங்கை மாதிரி சாயல். இரண்டும் வெளிச்சவ்வில் வேரூன்றி, உடம்பின் பெரும்பகுதியைச் செல்லின் பொதுவெளிக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சவ்வை எத்தனை முறை ஊடுருவுகின்றன, வால் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. தலை எந்தப் பக்கம் என்பதில் சண்டை இல்லை. அது வெளிப்பக்கம்தான், வேலை செய்வதும் அதுதான்.

தலை என்றது ஒரு நொதிப் பகுதி. இங்கே தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு சங்கடம். அந்த நொதி உடைக்கும் பொருள் ஜிடிபி. உடைத்தால் கிடைப்பதும் ஜிடிபி! ஆங்கிலத்தில் நடு எழுத்து வேறு வேறு, தமிழில் இரண்டும் ஒரே 'டி'. போதாக்குறைக்குப் பொருளாதாரப் பக்கத்திலும் ஒரு ஜிடிபி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே முழுப்பெயரே சொல்லிவிடுகிறேன். குவானோசின் ட்ரைபாஸ்பேட்டில் மூன்று பாஸ்பேட் உண்டு. ஒன்றைக் கழற்றினால் டைபாஸ்பேட். கழற்றும்போது புரதத்தின் வடிவம் சட்டென்று மாறுகிறது. அந்த மாற்றம்தான் இழுவிசை.

இந்த மைட்டோகாண்ட்ரியாவில் நிற்கும் மைட்டோஃபியூசினும் எதிரே வரும் மைட்டோகாண்ட்ரியாவில் நிற்பதும் தலையோடு தலை ஒட்டுகின்றன. ட்ரைபாஸ்பேட் உடைந்ததும், முழங்கையை மடக்குவது போல மடங்கி, இரண்டு சவ்வையும் கிட்டே இழுக்கின்றன. வாலுக்குப் பக்கத்திலுள்ள நீள் சுருள்கள் எதிரெதிராகப் பின்னிக்கொள்ளும் என்று, புரதத்தைப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் கண்டறிந்த ஒரு வேலை 2004-ல் காட்டியது. அந்தப் பின்னலின் நீளம் கிட்டத்தட்ட 10 நானோமீட்டர். தலை முதலா, சுருள் முதலா, எது எந்தக் கட்டத்தில் என்பதை ஆளுக்கொரு படம் வரைந்து விளக்குகிறார்கள். எனக்கு நம்பகமாகப் பட்டது 2016-ல் வந்த ஒரு வேலை. ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவை உறைநிலையில் முப்பரிமாணமாகப் படம் எடுத்தார்கள். தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தைச் சுற்றிப் புரதங்கள் வளையமாகக் கூடி நிற்பது தெரிந்தது. வளையத்துக்கு நடுவில் சவ்வுகள் தட்டையாக ஒட்டியிருக்கின்றன, உடைப்பு எடுப்பது மட்டும் சவ்வு அதிகமாக வளையும் விளிம்பில். வளைத்த காகிதம் மடிப்பில்தானே கிழியும்?

இதில் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். மைட்டோஃபியூசின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் இணைவு நடக்காது. இரண்டு மைட்டோஃபியூசினும் இல்லாத செல்களை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வலை இல்லை, நூல் இல்லை, வெறும் புள்ளிகள். எலியில் ஏதாவது ஒன்றை நீக்கினாலே கரு பிறப்புவரை தாக்குப்பிடிப்பதில்லை. 2003-ல் வந்த முடிவு இது. அதற்கு முன்பு "இணைவு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்" என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கேள்வி: இரண்டு மைட்டோகாண்ட்ரியா சேருவதைக் கல்யாணம் என்று சொல்லலாமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: சொல்லலாம், சில நிமிஷத்திலேயே விவாகரத்தும் உண்டு என்று சேர்த்துச் சொன்னால். சில ஜோடிகள் முழுசாகக் கலக்காமல், கொஞ்சம் சரக்கைப் பரிமாறிக்கொண்டு உடனே விலகிவிடும். ஆய்வாளர்கள் அதற்கு 'முத்தமிட்டு ஓடுதல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வைக்கவில்லை.

கேள்வி: இவ்வளவு சின்ன விஷயம் நடந்தது என்பதை எப்படி நிரூபிக்கிறீர்கள்? பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே ஒட்டின மாதிரித்தானே தெரியும்?
(புகைப்படக் கலைஞர்)

பதில்: தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. நாங்கள் செய்தது இது. ஒரு தட்டுச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பச்சையாக ஒளிரும் புரதத்தை அனுப்புவோம், இன்னொரு தட்டில் சிவப்பு. இரண்டு தட்டுச் செல்களையும் கலந்து, ஒட்டிப் படிந்ததும், பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை ஒரு நிமிஷம்போல ஊற்றி எடுப்போம். பக்கத்துப் பக்கத்துச் செல்களின் வெளிச்சுவர்கள் இணைந்து ஒரே செல்லாகிவிடும். புதுப் புரதம் உருவாகாமல் தடுக்க சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்தையும் சேர்ப்போம். இல்லையென்றால் சிவப்பு மைட்டோகாண்ட்ரியா புதிதாகத் தயாரான பச்சையை வாங்கிக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும். பிறகு காத்திருக்க வேண்டும். சில மணி நேரத்தில், பச்சையும் சிவப்பும் தனித்தனியாக இருந்த செல்லில் மஞ்சள் நூல்கள் தோன்றும். மைட்டோஃபியூசின் இல்லாத செல்லில் காலைவரை உட்கார்ந்தாலும் பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும்தான் இருக்கும்.

நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், பொய் மஞ்சள் உண்டு. செல்லின் நடுப்பகுதி தடிமன். மேலே ஒரு பச்சை, கீழே ஒரு சிவப்பு கிடந்தால் படத்தில் மஞ்சளாகத்தான் விழும். அதனால் எண்ணும்போது ஓரத்துக்குப் போய்விடுவேன். அங்கே செல் தாள் மாதிரி மெலிந்திருக்கும், நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ இடமிருக்காது. புதிதாக வரும் பிள்ளைகள் அழகாக இருக்கிறதென்று நடுப்பகுதியைப் படம் எடுத்து வருவார்கள். திருப்பி அனுப்பிவிடுவேன்.

என் மானம் போன கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், செல்லைக் குவியத்தில் வைத்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போய்விட்டேன். ஒளித்தடுப்பை மூடவில்லை. திரும்பி வந்து பார்த்தால், நீள நீளமாக இருந்த நூல் அத்தனையும் மணி மணியாக உடைந்து கிடக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்குப் போட்டிருந்த மருந்தின் விளைவு என்று நினைத்து, நோட்டில் மூன்று பக்கம் எழுதி, அம்புக்குறி போட்டு, தேதியும் நேரமும் குறித்தேன். மூத்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டைச் சற்று நகர்த்தி, வெளிச்சம் படாத பக்கத்துச் செல்லைக் காட்டினார். அங்கே நூல்கள் சௌக்கியமாக நெளிந்துகொண்டிருந்தன. சாயம் ஏறிய மைட்டோகாண்ட்ரியாவின்மேல் கடும் ஒளி விழுந்தால் அது சேதமாகித் துண்டாகும் என்பது அன்றைக்குப் பாடம். அந்த மூன்று பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கேள்வி: வெளிச்சவ்வுக்கு மைட்டோஃபியூசின். உட்சவ்வுக்கு யார்?
(அதே ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், இரண்டாவது கடிதம்)

பதில்: விட மாட்டீர்கள் போலிருக்கிறது. உட்சவ்வுக்கு ஓபா1. இந்தப் பெயரே 'ஆப்டிக் அட்ரோஃபி', அதாவது பார்வை நரம்பு நலிவு என்ற கண்நோயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

எனக்கு இந்தக் கூட்டத்தில் ரொம்பப் பிடித்த ஆள் ஓபா1தான். ஏனென்றால் இது ஒட்டுவதோடு நிற்பதில்லை, சோதனையும் போடுகிறது. உட்சவ்வின் இரு பக்கமும் சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அந்த மின்னழுத்தம்தான் மைட்டோகாண்ட்ரியாவின் ஆரோக்கியச் சான்றிதழ். ஆற்றல் தயாரிப்பு நின்றால் அது இறங்கிவிடும். 2004-ல் ஈஸ்ட்டிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்தெடுத்துக் குழாய்க்குள்ளேயே இணையவைத்துக் காட்டினார்கள். வெளிச்சவ்வு சேர்வதும் உட்சவ்வு சேர்வதும் தனித்தனிக் காரியங்கள் என்று அங்கேதான் தெளிவானது. உட்சவ்வுக்குக் கூடுதல் குவானோசின் ட்ரைபாஸ்பேட் தேவை, மின்னழுத்தமும் தேவை. பாலூட்டிகளின் செல்லிலும் மின்னழுத்தத்தை மருந்தால் இறக்கிவிட்டால், வெளிச்சவ்வுகள் சேர்ந்துகொள்ளும், உள்ளே இருப்பவை சேராது. ஒரே சட்டைக்குள் இரண்டு பேர் தனித்தனியாக நிற்கிற கோலம்.

சோதனை எப்படி நடக்கிறது? ஓபா1 இரண்டு வடிவத்தில் இருக்கும். நீள வடிவம் உட்சவ்வில் வேர்விட்டு நிற்கும். அதை ஒரு நொதி நறுக்கினால் வேர் போய்க் குட்டை வடிவமாகிச் சந்தில் மிதக்கும். சாதாரண நாளில் ஒய்எம்இ1எல் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, நீளமும் குட்டையும் கலந்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. மின்னழுத்தம் விழுந்தால் ஓமா1 என்ற இன்னொரு நொதி விழித்துக்கொண்டு மிச்சமிருக்கும் நீள வடிவங்களையும் நறுக்கித் தள்ளிவிடும். நீள வடிவம் இல்லையென்றால் உட்சவ்வு இணையாது. ஆக, கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா கதவைத் தட்டலாம், உள்ளே வர முடியாது.

இன்னொரு வினோதம். மைட்டோஃபியூசின் இரண்டு பக்கமும் வேண்டும் என்றேன் அல்லவா? ஓபா1 அப்படி இல்லை. ஒரு பக்கம் நீள ஓபா1 இருந்து, எதிர்ப்பக்கம் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு இருந்தால் போதும், வேலை நடக்கும். 2017-ல் செயற்கைச் சவ்வுகளை வைத்துக் காட்டினார்கள். கார்டியோலிப்பின் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில்தான் இருக்கும் கொழுப்பு. எதிரே நிற்பது இன்னொரு உட்சவ்வுதானா என்று ஓபா1 தடவிப் பார்க்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு இளமையிலிருந்தே பார்வை மங்கல். தம்பிக்கும் பள்ளி வயதில் ஆரம்பித்துவிட்டது. ஓபா1 மரபணுப் பிழை என்று இப்போது சொல்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்துதானே வரும்? அப்பாவிடமிருந்து எப்படி வந்தது? எனக்கும் வருமா?
(இளம்பெண்)

பதில்: அம்மா, உங்கள் குழப்பம் நியாயமானது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அது அம்மா வழியாக மட்டும் வரும். ஆனால் அதில் புரதத்துக்கான குறிப்பு பதின்மூன்றுதான். மைட்டோகாண்ட்ரியாவின் மற்ற நூற்றுக்கணக்கான புரதங்களுக்கு உத்தரவு செல்லின் உட்கருவிலிருந்து வருகிறது. ஓபா1-ம் அப்படித்தான், அதன் மரபணு 3-வது குரோமோசோமில் இருக்கிறது. அதனால் அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம். இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே நோய் காட்டக்கூடியது. உங்கள் அப்பாவின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுதான பிரதி வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. தம்பிக்கு வந்தது உங்கள் வாய்ப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அம்மா வழியாக மட்டும் வரும் கண்நோய் வேறு. அது லெபர் நோய். அதன் பிழை மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் இருக்கும், பெரும்பாலும் வாலிப வயதில் வாரக்கணக்கில் வேகமாகப் பார்வை போகும். உங்கள் வீட்டுக் கதை அது இல்லை. உங்களுடையதை டென்மார்க்கின் கண் மருத்துவர் போல் கியேர் 1959-ல் விரிவாக எழுதினார். 2000-த்தில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் மரபணுவைக் கண்டுபிடித்தன. மெதுவாக நகரும் நோய். நீலமும் மஞ்சளும் குழம்புவது அதன் பழைய அடையாளம். ஒரே குடும்பத்தில் ஒருவர் சிரமமில்லாமல் படிப்பார், இன்னொருவருக்குப் பலகையில் எழுதியது தெரியாது. பிரதி வந்தும் பார்வை கிட்டத்தட்ட நன்றாகவே இருப்பவர்களும் உண்டு. சிலருக்குக் காது கேட்பதிலும் குறை சேரும், அதையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

உடம்பு முழுக்க இருக்கும் புரதம், கண்ணை மட்டும் ஏன் முதலில் தாக்குகிறது? விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள், கண்ணுக்குள் இருக்கும் தூரம் வரை மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாமல் போகின்றன. உறை இல்லாத இழையில் சமிக்ஞை அனுப்பச் செலவு அதிகம், அதனால் மைட்டோகாண்ட்ரியாவும் அங்கே நெருக்கமாகக் கூடியிருக்கும். நடுப்பார்வைக்கான மெல்லிய இழைகள் முதலில் களைத்துப்போகின்றன. மைட்டோஃபியூசின் 2-ல் பிழை வந்தால் இதே நியாயம் காலில் தெரியும். சார்கோ-மேரி-டூத் நோயின் 2ஏ வகை அது, 2004-ல் தெரியவந்தது. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்பிழை ஒரு மீட்டர் நீளம். கடைக்கோடியில்தான் முதலில் பாதம் தொங்கும், உணர்ச்சி குறையும்.

உங்களுக்குச் சோதனை செய்வதா வேண்டாமா என்பதை மரபியல் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பழுதான ஓபா1-ஐச் சரிசெய்யும் மருந்து இன்று கையில் இல்லை. உண்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். தம்பிக்கு வேண்டியது பெரிய எழுத்து, நல்ல வெளிச்சம், முன் வரிசை இருக்கை, புகையிலை பக்கம் போகாத நண்பர்கள்.

கேள்வி: 'மைட்டோகாண்ட்ரியா இணைவைத் தூண்டும்' மாத்திரை என்று ஒரு விளம்பரம் வந்தது. சாப்பிடலாமா?
(பலர்)

பதில்: வேண்டாம். இணைவு கூடினால் நல்லது என்பதே தவறு. பிரிவதற்கும் புரதம் உண்டு. டிஆர்பி1 என்ற புரதம் கழுத்தில் கயிறு போட்ட மாதிரி சுற்றி இறுக்கித் துண்டாக்கும். அதில் பிழையோடு பிறந்த குழந்தை ஒன்று பிழைக்கவில்லை என்று 2007-ல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. அந்தக் குழந்தையின் மைட்டோகாண்ட்ரியா நீண்டு நீண்டு சிக்கலாகக் கிடந்தன. மைட்டோஃபியூசினைத் தட்டியெழுப்பும் மூலக்கூறுகளை ஆய்வகத்தில் எலிகளிடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாட்டிலில் அடைத்து விற்கிற கட்டம் வரவில்லை.

கேள்வி: நல்லதும் கெட்டதும் கலந்தால் நல்லதும் கெட்டுப்போகாதா? இயற்கை ஏன் இப்படி ஒரு வேலை செய்கிறது?
(விவசாயி)

பதில்: இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். இரண்டு நாள் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்டது என்பதில் இரண்டு தரம். ஒன்று, ஒரு உதிரிபாகம் மட்டும் குறைந்தது. இந்த மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் ஒரு மரபணு பழுது, அந்த மைட்டோகாண்ட்ரியாவில் வேறொன்று. இரண்டும் கலந்தால் இதனிடம் இல்லாத புரதத்தை அது தரும், அதனிடம் இல்லாததை இது தரும். இரண்டு முடவண்டியிலிருந்து ஒரு வண்டி ஓட்டுகிற சாமர்த்தியம். எலியின் தசையில் மட்டும் இரண்டு மைட்டோஃபியூசினையும் நீக்கிப் பார்த்தபோது, அந்தத் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அளவு சரிந்தது, பிழைகளும் குவிந்தன. 2010-ல் வந்த வேலை. பிழையைச் சகித்துக்கொள்ளும் சக்தியே இணைவில்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது தரம், மின்னழுத்தமே போய்விட்டது. இதைச் சேர்த்தால் நீங்கள் சொல்கிற மாதிரி நாசம்தான். அதற்காகத்தான் மூன்று தாழ்ப்பாள். உள்ளே ஓமா1 ஓபா1-ஐ நறுக்குவது ஒன்று. வெளியே பிங்க்1 என்ற புரதம், மின்னழுத்தம் இல்லாததால் உள்ளே இழுக்கப்படாமல் வெளிச்சவ்விலேயே தேங்கி, பார்கின் என்ற நொதியைக் கூப்பிடும். பார்கின் அங்கே நிற்கும் மைட்டோஃபியூசின்களுக்கு யூபிக்விட்டின் என்ற சீட்டு ஒட்டும். சீட்டு விழுந்தவை பிடுங்கி அழிக்கப்படும். பிடிக்கக் கை இல்லாத மைட்டோகாண்ட்ரியா யாரோடும் ஒட்ட முடியாது. மூன்றாவதாக, அப்படித் தனித்துப் போனதைச் செல் ஒரு பையில் சுற்றிச் செரித்துவிடுகிறது. பிங்க்1 அல்லது பார்கின் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால் இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரலாம்.

பட்டினி போட்டால் செல் என்ன செய்கிறது தெரியுமா? அப்போதும் பைகள் கிளம்பும், கிடைத்ததையெல்லாம் செரிக்கும். மைட்டோகாண்ட்ரியாக்கள் உடனே நீள நீளமாக இணைந்துவிடுகின்றன. பையில் அடங்காத நீளம். அதனால் தப்பிவிடுகின்றன.

கேள்வி: போன இதழில் 'வெளிச்சவ்வில் இருக்கும் ஓபா1' என்று எழுதியிருந்தீர்கள். இணையத்தில் தேடினால் உட்சவ்வு என்கிறது. யார் சொல்வது சரி?
(கல்லூரி மாணவர்)

பதில்: இணையம் சொல்வது சரி, தப்பு என்னுடையது. அச்சுக்குப் போகும் அவசரத்தில் மைட்டோஃபியூசின் என்று எழுத வேண்டிய இடத்தில் ஓபா1 என்று எழுதிவிட்டேன். ஓய்வு பெற்ற வங்கி ஊழியரும் இதைக் கவனித்திருப்பார், மரியாதைக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பழைய இதழ் கையில் இருப்பவர்கள் 34-ஆம் பக்கத்தில் திருத்திக்கொள்ளவும்.